இரைப்பைக்கும் இருதயத்திற்கும் இடையே

சிகாகோ நகரத்துப் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில், முதல் உலக மகாயுத்த காலத்தில், இரைப்பை ரணம் என்று நிச்சயிக்கப்பட்டுப் படுக்கையில் கிடத்தப்பட்ட நோயாளிக்குக் காலை ஏழு மணி அடித்ததும் தாதி ஒரு கோப்பையை நீட்டுவாள். அதில் மூன்று அவுன்ஸ் பானம் இருக்கும். சரிபாதி பால், சரிபாதி பாலேடு. எட்டு மணிக்கு மறுபடியும் மூன்று அவுன்ஸ், ஒன்பது மணிக்கு மறுபடியும் மூன்று அவுன்ஸ், இப்படியே இரவு ஏழு மணி வரையில். ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் நடுவே ஒரு பொட்டலம் பொடி: ஒரு முறை மக்னீஷியாவும் ஆப்ப சோடாவும், அடுத்த முறை பிஸ்மத் உப்பும் ஆப்ப சோடாவும். இரவில் வாய் வழியே ரப்பர்க் குழாயைச் செலுத்தி, இரைப்பையில் தங்கியிருந்ததை உறிஞ்சி எடுத்து, அமிலம் இன்னும் எஞ்சியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். சில நாள் சென்றபின் முட்டையும் கஞ்சியும் மெல்ல மெல்லச் சேர்க்கப்படும். நோயாளி இளைப்பதற்குப் பதிலாகக் கொழுப்பான், வலியும் தணியும், ஆகவே அவனுக்கும் அவனுடைய வைத்தியருக்கும் இந்தப் பத்தியத்தின்மீது பக்தி உண்டானதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதை வகுத்தவர் பெர்ட்ரம் சிப்பி என்னும் வைத்தியர். இரைப்பையில் சுரக்கும் அமிலம் தன்னைத் தாங்கிய சுவரையே அரிப்பதனால் ரணம் உண்டாகிறது, எனவே அந்த அமிலத்தை இடையறாமல் அடக்கி வைத்திருந்தால் ரணம் தானே ஆறும் என்பது 1915-இல் அவர் வெளியிட்ட சித்தாந்தம். அமிலம் இல்லாத இடத்தில் ரணமும் இல்லை என்று குரோவேஷிய அறுவை வைத்தியர் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1910-இலேயே அறுதியிட்டுச் சொல்லியிருந்தார். சித்தாந்தம் பாதி உண்மைதான். ஆனால் பாதி உண்மைக்கு உள்ள ஆயுள் முழுப் பொய்க்குக் கிடையாது. சிப்பி 1924-இல் காலமான பின்னரும் அவருடைய பாற்கோப்பை அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் ஏறக்குறைய நாற்பது ஆண்டு உலவி வந்தது.

பாலைக் காட்டிலும் சாதுவான வஸ்து வேறு உண்டோ என்று நாம் கேட்கலாம். ஆனால் 1923-ஆம் ஆண்டிலேயே, பாலையும் காரப்பொடியையும் சேர்த்து உட்கொண்டவர்களில் சிலருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டு சிறுநீரகங்கள் பழுதுபடுவதை அமெரிக்க வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். அதைவிடக் கடுமையான செய்தி 1960-இல் வந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள பதினைந்து மருத்துவமனைகளின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஒருங்கே வைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பால் பத்தியத்தில் இருந்த ரண நோயாளிகளின் இருதயத்தில், அந்தப் பத்தியத்தில் இல்லாத ரண நோயாளிகளைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக மாரடைப்பின் தழும்புகள் காணப்படுவதாக வெளியிட்டார்கள். இறந்து பரிசோதனை மேஜைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த கணக்காதலால் அதில் குறை சொல்ல இடம் உண்டு. ஆயினும் ஆண்டுக்கணக்காகத் தினந்தோறும் பாலேடு அருந்திய ஒருவனுடைய ரத்தத்தில் கொழுப்பு ஏறும் என்பதற்குப் பெரிய தர்க்கம் தேவையில்லை. இரைப்பையையும் இருதய ரத்தக் குழாயையும் சரித்திரத்தில் இவ்வளவு கண்கூடாகப் பிணைத்த முதல் கயிறு இதுவென்றே நான் கருதுகிறேன். அந்தக் கயிற்றைத் திரித்தது நோயன்று, சிகிச்சை. பின்னால் வரும் கதைக்கு இது நினைவில் இருக்க வேண்டும்.

சிகாகோவில் பாற்கோப்பை சுழன்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் நாட்டின் தென்கோடியில், அக்காலத்துத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதுமான நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனையின் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுக்களில் ஒருவரான ஹோவர்ட் சாமர்வெல், லண்டனில் தமக்குக் காத்திருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்தவர். அவரும் அவருடைய சகா இயன் ஓர் என்பவரும் நூற்றுக்கணக்கான வயிறுகளை அறுத்து, ரணத்தால் அடைபட்ட வழியைத் தவிர்த்து இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துத் தைத்தார்கள். இத்தனை பேருக்கு இந்த வியாதி ஏன் என்ற கேள்வி அவர்களை விடவில்லை. குன்னூரில் ஆகார ஆராய்ச்சி நடத்திவந்த ராபர்ட் மக்காரிசன், மரவள்ளிக் கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் ஏழைகளின் ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவற்றின் இரைப்பையிலும் ரணம் உண்டாவதைக் கண்டார். ஆகவே குற்றம் கிழங்கின்மீதும், மிளகாயின்மீதும், சத்துக் குறைவின்மீதும் சுமத்தப்பட்டது. இன்றும் நம் வீடுகளில் வயிறு எரிந்தால் காரத்தைக் குறை என்றுதானே பெரியவர்கள் சொல்கிறார்கள்.

நெய்யூர் வைத்தியர்கள் தாங்கள் அறுத்த இரைப்பைகளில் ஒரு துண்டை எடுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்து, சரியான சாயம் ஏற்றிப் பார்த்திருந்தால் அங்கே வேறொரு சாட்சியும் இருந்திருக்கக்கூடும். அது முன்பே பலர் கண்ணில் பட்டதுதான். இத்தாலியின் தூரின் நகரில் ஜூலியோ பிட்சோஸெரோ 1893-இல் நாய்களின் இரைப்பைச் சுரப்பிகளுக்குள் திருகு வடிவமான நுண்ணுயிர்களைக் கண்டு வரைந்து வைத்தார். கிராக்கோ நகரில் வலேரி யவோர்ஸ்கி 1899-இல் மனித இரைப்பையைக் கழுவிய நீரில் அத்தகையவற்றைக் கண்டார். பாஸ்டனில் 1940-இல் ஃப்ரீட்பர்க்கும் பாரனும் அறுவையில் எடுத்த இரைப்பைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் கண்டார்கள். இத்தனை கண்களும் பார்த்ததை ஒரே வீச்சில் அழித்தது 1954-இல் பாமர் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட ஆராய்ச்சி. ஆயிரத்துக்கும் அதிகமான இரைப்பைத் துணுக்குகளைச் சோதித்து, கிருமி எதுவும் இல்லை, முன்னவர்கள் கண்டது வாயிலிருந்து இறங்கியதோ செத்தபின் பெருகியதோ என்று அவர் முடிவு கட்டினார். அவர் கையாண்ட சாயத்தில் இந்தக் கிருமி எளிதில் புலப்படாது என்பதே இதன் ரகசியம். அமிலக் குளத்தில் எந்தக் கிருமி உயிர்வாழும் என்ற பொதுப் புத்தியும் அவருக்குத் துணையாக நின்றது.

கிரேக்க நாட்டு மிஸ்ஸலோங்கியில் ஜான் லிக்கூடிஸ் என்னும் ஊர் வைத்தியர், இந்த வாதங்களையெல்லாம் பொருட்படுத்தாமல், 1958 முதல் ரண நோயாளிகளுக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்துக் குணப்படுத்தி வந்தார். அவருடைய கட்டுரையைப் பத்திரிகைகள் ஏற்கவில்லை. மருந்துக்கு அரசின் அங்கீகாரம் கிட்டவில்லை. 1968-இல் வைத்தியர் சங்கத்தின் ஒழுங்குக் குழு அவருக்கு 4,000 திராக்மா அபராதம் விதித்தது. அவரைப் புறக்கணித்தவர்களை நான் முற்றிலும் குறை சொல்லமாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவும் வைக்காமல், மருந்தின் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டு, என்னிடம் வந்தவர்கள் பிழைத்தார்கள் என்று மட்டும் சொல்பவரைச் சாஸ்திரம் எப்படி நம்பும்? ஆயினும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

இனி மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். அங்கே ராயல் பெர்த் மருத்துவமனையில் திசுக்களைச் சோதிக்கும் ராபின் வாரன், 1979-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தம்முடைய நாற்பத்திரண்டாம் பிறந்தநாளன்று, கடும் அழற்சி கொண்ட ஓர் இரைப்பைத் துணுக்கின் மேற்பரப்பில் நீல நிறக் கோடு ஒன்று ஓடுவதைக் கவனித்தார். பெருக்கிப் பார்த்தால் அது கோடன்று, எண்ணிறந்த கிருமிகளின் அணிவகுப்பு. உடன் பணியாற்றிய ஒருவருக்கு அது கண்ணில் படவில்லை. வாரன், வெள்ளிச் சத்து கலந்த வார்தின்-ஸ்டாரி என்னும் சாயத்தை ஏற்றினார். பழுப்பு மஞ்சளான பின்னணியில் கறுப்புக் கறுப்பாக, வளைந்த சிறு குச்சிகளைப்போல அவை எழுந்து நின்றன. இரண்டு ஆண்டு அவர் தனியே துணுக்கு சேகரித்தார். 1981-இல் அங்கே பயிற்சியில் இருந்த பாரி மார்ஷல் என்னும் இளைஞருக்கு ஏதேனும் ஓர் ஆராய்ச்சிப் பொருள் வேண்டியிருந்தது, இவரிடம் அனுப்பிவைத்தார்கள்.

இருவரும் நூறு நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். கிருமியைத் தட்டில் வளர்க்க முப்பதுக்கு மேற்பட்ட முறை முயன்றும் ஒன்றும் முளைக்கவில்லை. ஏனெனில் இரண்டு நாளில் எதுவும் வளராத தட்டைக் கழுவிப் போடுவது அந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம். 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை நான்கு நாள் நீண்டதால், அடைகாப்புப் பெட்டியில் வைத்த தட்டுகளைக் கழுவ ஆள் வரவில்லை. விடுமுறை கழிந்து திறந்தபோது அவற்றில் தெளிந்த சிறு துளிகளாகக் கிருமிக் கூட்டம் பூத்திருந்தது. மெதுவாக வளரும் ஜீவன், அவ்வளவுதான். 1983-இல் ஆஸ்திரேலிய ஜீரண வைத்தியர் சங்கம் மார்ஷலின் கட்டுரைச் சுருக்கத்தைத் தன் மாநாட்டுக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு லான்செட் பத்திரிகை இருவருடைய கடிதங்களையும் தனித்தனியே வெளியிட்டது.

மார்ஷல் தாமே கிருமியைக் குடித்த கதை பிரசித்தமானது. ஆகையால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிருகங்களில் நோயை உண்டாக்க முடியாமற்போகவே, 1984-இல் ஒரு நோயாளியிடமிருந்து வளர்த்த கிருமிக் கலவையை அவர் அருந்தினார். சில நாட்களில் விடியற்காலை வாந்தியும் வாய் நாற்றமும் கண்டன. குழாய்க் கண்ணாடி விட்டுப் பார்த்தபோது, சில வாரங்களுக்கு முன் பழுதின்றி இருந்த இரைப்பை அழற்சியுற்றிருந்தது. அவருக்கு ரணம் உண்டாகவில்லை, அழற்சிதான் உண்டாயிற்று என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். உண்மையில் இந்தக் கிருமியைச் சுமப்பவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேருக்குத்தான் ஆயுளில் என்றேனும் ரணம் உண்டாகிறது. அதனால்தான், மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் நெடுநாள் பணியாற்றிய ஃபிராங்க் டோவி, கிருமி வடக்கிலும் தெற்கிலும் பரவியிருக்க, ரணம் மட்டும் அரிசி உண்ணும் தெற்கில் ஏன் மிகுதி என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். மக்காரிசனின் எலிகளை முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. கிருமிக்கு 1989-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் நிலைத்தது. 1994-இல் அது புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் வைக்கப்பட்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு வேடிக்கை: சிப்பியின் பொடியில் இருந்த பிஸ்மத், இந்தக் கிருமியைத் தாக்கும் வஸ்துக்களுள் ஒன்று. அமிலத்தை அடக்குவதற்கென்று கொடுத்ததில் கிருமியின் விரோதி ஒளிந்திருந்ததை அவர் அறிந்தாரல்லர்.

இரைப்பை ரணமே தொற்றுநோய் என்று தெரிந்தவுடன், வேறு எந்தெந்த வியாதிகள் இப்படி வேஷம் போட்டு நிற்கின்றன என்ற ஆவல் வைத்திய உலகத்தைப் பிடித்துக்கொண்டது இயல்பே. இருதய நோயே முதற் சந்தேகத்துக்கு இலக்காயிற்று. ரத்தக் குழாய் தடிப்பதற்குத் தொற்று ஒரு காரணமாகலாம் என்பது புதிய எண்ணமன்று. வில்லியம் ஆஸ்லர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை எழுதியிருந்தார். 1978-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கோழிக் குஞ்சுகளுக்கு மாரெக் வியாதியின் வைரஸைச் செலுத்தி, மனித நோயை ஒத்த தடிப்பை அவற்றின் தமனிகளில் உண்டாக்கிக் காட்டினார்கள். 1988-இல் ஃபின்லாந்தில் பெக்கா சைக்குவும் அவருடைய சகாக்களும், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் சுவாசக் கிருமியான கிளமிடியாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள்.

அந்தச் சூழ்நிலையில், 1994-இல், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிலிருந்து மைக்கேல் மெண்டாலும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருதயத் தமனி நோய் உள்ள 111 ஆண்களில் 59 சதவீதத்தினரின் ரத்தத்தில் இரைப்பைக் கிருமியின் அடையாளம் இருந்தது. நோயில்லாத 74 பேரில் 39 சதவீதத்தினரிடமே இருந்தது. அபாயம் இரு மடங்கு என்று கணக்குச் சொல்லிற்று. காரணமும் தயாராக இருந்தது: பிள்ளைப் பிராயத்தில் தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுதும் நீங்காத இந்தக் கிருமி, இரைப்பைச் சுவரில் ஓயாத அழற்சியை மூட்டிவைக்கிறது, அந்த அழற்சியின் தூதுப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, உறையும் தன்மையைக் கூட்டி, நல்ல கொழுப்பைக் குறைத்து, தமனியின் உட்சுவரைக் கெடுக்கின்றன என்றார்கள். இரைப்பைச் சுவர் நலிந்தால் பி12 வைட்டமின் உறிஞ்சப்படாமல் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் ரத்தத்தில் ஏறும், அதுவும் தமனிக்குக் கேடு என்று இன்னொரு வழியும் காட்டினார்கள்.

இங்கே நிதானம் வேண்டும். அதே மெண்டால் 1992-இல் எழுதிய வேறொரு கட்டுரை எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. பெரியவர்களிடம் காணும் இந்தத் தொற்று, அவர்கள் பிள்ளைப் பிராயத்தில் வாழ்ந்த வீட்டின் நெருக்கடியோடும், அந்த வீட்டில் வெந்நீர்க் குழாய் இருந்ததா இல்லையா என்பதோடும் தொடர்புள்ளது என்று அவர் அதில் காட்டியிருந்தார். ஒரே பாயில் ஐந்து குழந்தைகள் படுத்த வீட்டில் கிருமி எளிதாகப் பரவும். அந்த வீட்டுக் குழந்தை வளர்ந்தபின் புகையிலைக்கும், மலிவான ஆகாரத்துக்கும், கடின ஜீவனத்துக்கும் ஆளாகி மாரடைப்பு அடைவதும் எளிது. அப்படியானால் கிருமி மாரடைப்பின் காரணமா, அல்லது இரண்டும் தரித்திரம் என்ற ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா?

நிக்கோலஸ் வால்டும் அவருடைய சகாக்களும் 1997-இல் இதற்கு ஒரு பதில் தந்தார்கள். 21,520 ஆண்களிடம் முன்கூட்டியே ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 648 பேர் பின்னால் இருதய நோயால் இறந்தார்கள். அவர்களுடைய பழைய ரத்தத்தையும், உயிரோடிருந்த ஒத்த வயதினரின் ரத்தத்தையும் ஒப்பிட்டபோது, கிருமியின் அடையாளம் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. அந்த ஆண்கள் பெரும்பாலும் ஓரளவு வசதி படைத்தவர்கள். தரித்திரத்தை விலக்கியவுடன் இரு மடங்கு அபாயம் கரைந்துபோயிற்று. மறு ஆண்டு ரோம் நகரிலிருந்து வேறு குரல் வந்தது: எல்லாக் கிருமியும் ஒன்றல்ல, காக்-ஏ என்னும் புரதம் உடைய கொடிய இனத்தையே தனியே எண்ண வேண்டும், இருதய நோயாளிகளில் அந்த இனத்தைச் சுமப்பவர் 43 சதவீதம், மற்றவர்களில் 17 சதவீதம் என்றார்கள். இந்த வழக்கு இன்றும் முடியவில்லை. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒரு சிறு தொடர்பு எஞ்சுகிறது. அது காரணமா நிழலா என்று பிரிக்க முடிவதில்லை.

பிரிக்க ஒரே வழி, கிருமியைக் கொன்றுவிட்டு மாரடைப்பு குறைகிறதா என்று பார்ப்பது. செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையையொட்டிய குழுவினரே 325 நோயாளிகளுக்கு ஒரு வாரம் மருந்து கொடுத்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்துண்டவர்களிடம் மரணமும், இருதய உபாதையால் மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் சேர்ந்து 36 சதவீதம் குறைந்தன. ஆனந்தப்படுவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது: கிருமி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நன்மை ஒரே மாதிரி. அப்படியானால் மருந்து எதைக் குணப்படுத்தியது? கிளமிடியாவைக் குறிவைத்து ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த பெரும் சோதனைகள், 2005-இல் ஒன்றன்பின் ஒன்றாக, கிருமிக்கொல்லியால் இருதயத்துக்குப் பயனில்லை என்று காட்டின. 2006-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது கலவரமூட்டுவது: நிலைத்த இருதய நோயுள்ள 4,373 பேரில், இரு வாரம் கிளாரித்ரோமைசின் உண்டவர்களிடையே இருதய மரணம் கூடியிருந்தது. கிளாரித்ரோமைசின்தான் இரைப்பைக் கிருமியை ஒழிக்கும் மும்மருந்தில் நெடுங்காலமாக ஒரு கால். ஹோமோசிஸ்டீனைக் குறைத்துப் பார்த்த சோதனைகளும் மாரடைப்பைக் குறைக்கவில்லை. மாரடைப்பைத் தடுக்கவென்று இந்தக் கிருமியை ஒழிக்கச் சொல்ல இன்று ஆதாரம் இல்லை. ரணத்துக்காகவும் புற்றுநோய்த் தடுப்புக்காகவும் ஒழிப்பது வேறு விஷயம்.

ஆனால் இரைப்பையையும் தமனியையும் பிணைக்கும் ஒரு கயிறு ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருக்கிறது. அதையும் திரித்தது வைத்தியர் கைதான். லண்டனில் டௌத்வெய்ட்டும் லின்டாட்டும் 1938-இலேயே குழாய்க் கண்ணாடி வழியே நோக்கி, ஆஸ்பிரின் இரைப்பைச் சுவரைப் புண்படுத்துவதைக் கண்டு சொன்னார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1988-இல், 17,187 நோயாளிகளிடம் நடந்த மாபெரும் சோதனை, மாரடைப்பு வந்தவுடன் கொடுக்கும் ஆஸ்பிரின் ரத்தக் குழாய் சார்ந்த மரணத்தை 23 சதவீதம் குறைக்கிறது என்று காட்டவே, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தினம் ஒரு சிறு மாத்திரை விழுங்கத் தொடங்கினார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் அதே குணம், இரைப்பையில் ரணமிருந்தால் ரத்தப்போக்கை நிற்கவிடுவதில்லை. இரைப்பையைக் காக்கும் இயற்கைப் பொருள்களின் உற்பத்தியையும் மாத்திரை தடுத்துவிடுகிறது. அங்கே கிருமியும் குடியிருந்தால் இரண்டு பகைகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இதைச் சோதிக்க பிரிட்டனில் ஆஸ்பிரின் உண்ணும் முதியவர்களை ஊர் மருத்துவ நிலையங்கள் வழியே அழைத்து, மூச்சை ஊதச் செய்து கிருமியைக் கண்டறிந்து, அது இருந்த 5,352 பேரில் பாதிப்பேருக்கு ஒரு வாரம் ஒழிப்பு மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2022-இல் வெளியான முடிவு இது: ரணத்தால் ரத்தம் கசிந்து மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் மருந்துண்ட தரப்பில் தெளிவாகக் குறைந்தார்கள், ஆனால் அந்த வித்தியாசம் முதல் இரண்டரை ஆண்டுக்கே நின்றது, அதற்குப் பின் இரு தரப்பும் ஒன்றாகிவிட்டன. ஏன் மறைந்தது என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.